நீலமலையில் நாம் விருந்தினர்

பள்ளித் தேர்வுகள் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் கொங்கு நாட்டு இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" என்பதே அது. ஊர் ஊராக ஆராய்ந்து, செலவைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபின் நம்மில் பலர் வந்தடையும் முடிவு ஒன்றுதான்: நீலமலை. கோவையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் மேட்டுப்பாளையம், அதற்கு அப்பால் கல்லாறு, பிறகு ஏற்றம்தான். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வண்டி ஏறினால், நண்பகலுக்குள் குளிர்ந்த காற்றைச் சுவாசித்து விடலாம்.

ஓய்வு கொள்வது குற்றமன்று. ஆறு நாள் படைத்த ஆண்டவரும் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று திருநூல் கூறுகிறது. ஆலையிலும் பட்டறையிலும் தோட்டத்திலும் உழைத்துக் களைத்த தந்தைக்கும், ஆண்டு முழுவதும் அடுப்படியில் நின்ற தாய்க்கும், புத்தகச் சுமையிலிருந்து விடுபட்ட பிள்ளைகளுக்கும் நான்கு நாள் விடுமுறை தேவையே. குடும்பம் ஒன்றாக அமர்ந்து பேசுவதற்கும் அது வாய்ப்பளிக்கிறது.

ஆயினும், அந்த விடுமுறையைத் திட்டமிடும்போது நாம் கேட்கின்ற கேள்விகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அறை வாடகை எவ்வளவு? ஒரே நாளில் எத்தனை இடங்களைப் பார்த்து முடிக்கலாம்? பூங்கா, ஏரி, தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை, திரும்பும்போது வர்க்கியும் தைலமும். இவ்வளவும் பட்டியலில் இருக்கும். ஒரு கேள்வி மட்டும் இருப்பதில்லை: "அங்கே வாழ்கிறவர்கள் யார்? நாம் யாருடைய வீட்டுக்குப் போகின்றோம்?"

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். வந்தவரை எப்படி நடத்துவது என்பது நமக்குப் பரம்பரையாகத் தெரியும். வந்தவர் எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. நம் ஆண்டவரோ தம் சீடரை ஊர்களுக்கு அனுப்பியபோது விருந்தாளியின் கடமையையே முதலில் கற்பித்தார். எந்த வீட்டில் நுழைந்தாலும் முதலில் அமைதி கூறுங்கள், முன்வைப்பதை உண்ணுங்கள், வீடு வீடாக மாறித் திரியாதீர்கள் என்றார். மறைபரப்பச் செல்வோர்க்குச் சொன்ன இவ்வறிவுரை, மலையேறிச் செல்லும் குடும்பத்துக்கும் பொருந்தும்.

பிறர் இட்ட பெயர்

இதே கேள்வி உலகின் வேறு மலைநாடுகளிலும் எழுகிறது. வட ஆப்பிரிக்காவில் மொரோக்கோ, அல்ஜீரியா ஆகிய நாடுகளில் அட்லஸ் என்னும் பெருமலைத் தொடர் உள்ளது. அங்குத் தொன்றுதொட்டு வாழும் மக்களை உலகம் 'பெர்பெர்' என்று அழைக்கிறது. தம் மொழி தெரியாதவர்களைக் கிரேக்கரும் உரோமரும் இழித்துக் குறித்த சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அம்மக்கள் தம்மை 'அமாசிக்' என்கின்றனர். உரிமையுள்ள மனிதர் என்று அதற்குப் பொருள் கூறுவர். ஆண்டுதோறும் பல்லாயிரவர் அம்மலைகளுக்கு விடுமுறைக்குச் செல்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் அந்தப் பெயர் வேறுபாட்டை அறிவார்கள்? அம்மக்களின் மொழியை மொரோக்கோ தன் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அரசியலமைப்பில் ஏற்றதே 2011ஆம் ஆண்டில்தான். அல்ஜீரியா 2016இல் ஏற்றது.

அந்த மண் நமக்கு அந்நியமானதன்று. திருச்சபையின் பெரும் மறைவல்லுநரான புனித அகுஸ்தீனார் 354ஆம் ஆண்டு பிறந்த தகாஸ்தே நகர் இன்றைய அல்ஜீரியாவில்தான் உள்ளது. அவருடைய அன்னை புனித மோனிக்கம்மாளின் பெயரே அவர் அம்மண்ணின் பழங்குடி மரபினர் என்பதைக் காட்டுகிறது என்பர் அறிஞர். நாகரிகமற்றோர் என்று ஒரு காலத்தில் ஒதுக்கிப் பேசப்பட்ட மக்களிடமிருந்து எவ்வளவு பெரிய செல்வம் நமக்கு வந்து சேர்ந்தது!

நீலமலையிலும் இதே செய்தியைக் காண்கின்றோம். நாம் தோடர், தொதவர் என்று அழைக்கும் மக்கள் தம்மைத் தம் மொழியில் 'ஓல்' என்கின்றனர். 'மனிதர்' என்பதே அதன் பொருள். ஒருவரை நாம் காட்சிப்பொருளாகக் காண்கின்றோமா, மனிதராகக் காண்கின்றோமா என்ற வினாவுக்கு அந்தச் சிறு சொல்லே விடையாக நிற்கிறது.

மலையின் குடும்பங்கள்

தமிழ்நாட்டில் தனிக் கவனத்துக்குரிய தொல்குடிகள் என அரசு வகுத்துள்ளவர் ஆறு பிரிவினர்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இவ்வாறு பிரிவினரும் நீலமலை மாவட்டத்தில் வாழ்கின்றனர். இவர்களேயன்றி, பல நூற்றாண்டுகளாக மலையில் வேளாண்மை செய்து வரும் படகர் பெருமக்களும் உள்ளனர். அவர்களுடைய ஊர்கள் 'ஹட்டி' எனப்படும். தோடர் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். கோத்தர் ஏழு ஊர்களில் வாழ்கின்றனர்; கோத்தகிரி என்னும் பெயரிலேயே அவர்கள் இருக்கின்றனர்.

சாலைகள் வருமுன் இவர்களிடையே நிலவிய வாழ்க்கை முறை வியப்புக்குரியது. தோடர் எருமை மேய்த்துப் பாலும் நெய்யும் தந்தனர். படகர் தானியம் தந்தனர். கோத்தர் இரும்புக் கருவியும் மண்கலமும் செய்து தந்ததோடு, பிறர் வீட்டு நன்மை தீமைகளுக்கு இசையும் முழக்கினர். குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும் கொணர்ந்தனர். காசு புழங்காமலே, ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை என்ற உறவு தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. சந்தையும் பணமும் மலையேறிய பின்னரே அவ்வுறவு தளர்ந்தது.

இவர்களுள் வெளியுலகம் மிகுதியாக எழுதியது தோடரைப் பற்றித்தான். அவர்கள் மொத்தம் ஏறத்தாழ 2,000 பேரே. நம் பங்குகள் சிலவற்றின் மக்கள்தொகை அதனினும் மிகுதி. ஆயினும் அவர்கள் மொழி, தமிழுக்குச் சகோதர மொழியாக, திராவிடக் குடும்பத்தில் தனித்து நிற்கிறது. ஆங்கிலேய அறிஞர் ரிவர்ஸ் 1906ஆம் ஆண்டில் அவர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். மொழியறிஞர் எமனோ அவர்களுடைய பாடல்களைத் திரட்டி 1971இல் வெளியிட்டார். தோடருக்கு எருமை வெறும் கால்நடையன்று, வழிபாட்டின் மையம். புனித எருமைகளின் பாலைக் கறந்து கடையும் பால்மனையே அவர்களுடைய கோயில், பால்காரரே பூசாரி. முக்கூர்த்தி மலைமுடிக்கு அப்பால் மேற்கே இறந்தோர் உலகம் உள்ளதென்பது அவர்கள் நம்பிக்கை. நாம் படம் பிடித்துக்கொள்ள விரும்பும் அச்சிகரம், அவர்களுக்கு முன்னோரிடம் செல்லும் வழியாகும்.

1603இல் மலையேறிய குரு

நம் வாசகர் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. நீலமலை மக்களை நேரில் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர் ஓர் இயேசு சபைக் குருவாவார். மலைமீது பழைய கிறிஸ்தவ மக்கள் கூட்டம் ஒன்று, குருக்களின்றி மறையை மறந்து வாழ்கிறதென்ற வதந்தி அந்நாளில் மலையாளக் கரையில் உலவிற்று. ஆயர் பிரான்சிஸ்கோ ரோஸ் காலத்தில், அதன் உண்மையை அறிந்துவர இத்தாலியரான அருள்தந்தை யாக்கோமே பெனிசியோ 1603இல் கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து புறப்பட்டு, காடும் கணவாயும் கடந்து மலையேறினார். தேடிப்போன கிறிஸ்தவர்களை அவர் அங்குக் காணவில்லை. தோடரைக் கண்டார், படகர் ஊரையும் கண்டார்.

அவர் எழுதிய மடல் இன்றும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அவர் கேள்விகள் கேட்டார். எருமைகளைப் பற்றியும், பூசாரியைப் பற்றியும், திருமண வழக்கங்களைப் பற்றியும் கேட்டறிந்ததை எழுதி வைத்தார். அவர் அம்மக்களை முழுதும் புரிந்துகொண்டார் என்று நாம் கூறவில்லை. தம் காலத்துக் கண்ணோடுதான் நோக்கினார். ஆனால் தாம் எதிர்பார்த்துச் சென்றதைக் கண்டதாகப் பொய் எழுதவில்லை. கண்டதையே எழுதினார். பயணம் செய்வோர்க்கு இது பெரும் பாடம். நாமோ, விளம்பரப் படத்தில் பார்த்த மலையையே மலையில் தேடுகின்றோம். அது கிடைக்காவிடில், "பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்லி இறங்கி விடுகின்றோம்.

கோவை பட்ட கடன்

கொங்கு நாட்டினராகிய நமக்கு இம்மலையிடம் தனிக் கடன் உண்டு. கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். பின்னர்த் தோடரிடம் நிலம் வாங்கி உதகையில் கல் வீடு கட்டினார். அதிலிருந்தே வெள்ளையரின் கோடை நகரம் வளர்ந்தது. தோடரின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் காலப்போக்கில் தேயிலையும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரமும் சீகை மரமும் பரவின. உருண்டு திரண்ட அப்புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் ஒடுங்கிய சோலைக்காடுகளும் மழையை உறிஞ்சி வைத்து ஆண்டு முழுவதும் ஓடையாக விடுபவை. இன்று அவற்றில் எஞ்சியிருப்பது சிறு பகுதியே.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவையின் பஞ்சாலைகளை ஓட்டிற்று. நம் தாத்தாமார் வேலை பார்த்த ஆலைகளின் சங்கொலிக்குப் பின்னால் நீலமலையின் அருவிகள் இருந்தன. பின்னர்க் குந்தா மின்திட்டமும் வந்தது. பவானி ஆறு அம்மலையில் பிறந்து நம் வயல்களுக்கு இறங்குகிறது. பில்லூர் அணையின் நீர் கோவை மக்களின் குடங்களை நிறைக்கிறது. அணைகள் எழுந்தபோது தோடரின் மேய்ச்சல் நிலங்கள் சில நீருக்குள் மூழ்கின என்பதையும் நாம் மறத்தலாகாது. நம் வீட்டு விளக்குக்கும் நம் வீட்டுத் தண்ணீருக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்துள்ளார். அவருடைய ஊருக்குத்தான் நாம் விடுமுறைக்குச் செல்கின்றோம்.

பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

இவ்வளவும் கூறியது எவரையும் தடுப்பதற்காக அன்று. செல்லுங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். திட்டமிட்டுச் செல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

முதலாவது, காலம். மே மாதத்தில் மலர்க்காட்சி, பழக்காட்சி எனப் பல கொண்டாட்டங்கள் உண்டு. கூட்டமும் அதற்கேற்ப உண்டு. அக்கூட்டத்தில் சாலையில் நிற்பதே விடுமுறையாகிவிடும். உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என வரம்பும் கட்டப்பட்டது. மலை தாங்கும் சுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நீதிமன்றமே நமக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று. புறப்படுமுன் அப்போதைய விதி யாதென்று கேட்டறிக. இயன்றவர்கள் கூட்டம் குறைந்த வார நாள்களில் செல்வது நன்று. அரசுப் பேருந்தில் செல்வது இன்னும் நன்று.

இரண்டாவது, வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் இரு பாதைகள் உள்ளன. கூட்ட நாள்களில் குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்குமாறு காவல் துறையினர் ஒழுங்கு செய்வதுண்டு. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மலை ரயில் மறக்கவியலா அனுபவம். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899இல் திறக்கப்பட்டு, 1908இல் உதகை வரை நீட்டப்பட்ட பாதை அது. 46 கிலோமீட்டர் தொலைவை ஏறி முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பற்சக்கரம் கவ்விக்கொண்டு வண்டி ஏறுகிறது. 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இதுவும் சேர்க்கப்பட்டது. இடம் கிடைப்பது அரிது; மிக முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். பெருமழைக் காலத்தில் மண் சரிந்து வண்டி நிற்பதும் உண்டு.

மூன்றாவது, நாள்களைப் பகுக்கும் முறை. ஒரே நாளில் பத்து இடம் பார்ப்பதைவிட, நாளுக்கு இரண்டு இடம் போதும். பூங்காவுக்கு ஒரு காலை என்றால், முத்தோரை பாலாடாவிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்துக்கும் ஒரு காலை ஒதுக்குக. மலைமக்களின் வீடுகளும் கருவிகளும் அணிகளும் அங்கு விளக்கப்படுகின்றன. மக்களைச் சந்திக்குமுன் மக்களைப் பற்றி அறிந்துகொள்ள அது ஏற்ற இடம். ஞாயிறு இடையில் வந்தால் உதகைப் பேராலயத்திலோ, காந்தல் குருசடித் திருத்தலத்திலோ திருப்பலி காணலாம். 1955இல் மைசூரிலிருந்து பிரிந்து உருவான உதகை மறைமாவட்டம் நம் அண்டை வீடு. இறங்கும் வழியில் கோத்தகிரியில் தங்கி, மலைமக்கள் திரட்டிய தேனை அங்குள்ள கடைகளில் வாங்கலாம்.

நான்காவது, மூட்டை. நெகிழிப் பைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் மலையில் தடை செய்யப்பட்டுள்ளன. எவர்சில்வர் தூக்குகளில் சோறும், வீட்டுக் கூஜாவில் தண்ணீரும் கொண்டு செல்லும் நம் பாட்டிமார் வழக்கமே இங்குச் சிறந்தது. உண்டு எறிந்த இலையைத் தின்ன வரும் குரங்குக்கும் காட்டெருமைக்கும் நெகிழி நஞ்சாகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுக.

மந்தின் வாயிலில்

உதகைத் தாவரவியல் பூங்காவின் மேற்பகுதியை ஒட்டியே தோடர் மந்து ஒன்று உள்ளது. பூங்காவைப் பார்த்த கால்கள் அப்படியே அங்கும் ஏறிவிடுகின்றன. அங்குதான் நம் வளர்ப்பு வெளிப்படும்.

நம் வீட்டு வாயிலில் முன்பின் அறியாத ஐம்பது பேர் வந்து நின்று, சமையலறையை எட்டிப் பார்த்து, குளித்துவிட்டு வரும் பாட்டியைப் படம் எடுத்தால் நாம் பொறுப்போமா? அங்கும் அவ்வாறே. கேட்காமல் நுழையற்க. கேட்காமல் படம் எடுக்கற்க. வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் கருவியைப் பைக்குள் வைத்துவிடுக. பால்மனைக் கோயிலை நெருங்கற்க. அவ்வினத்துப் பெண்களும் உள்ளே செல்லாத தூய இடம் அது. நம் பலிபீடத்தின்மீது எவரும் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வதை நாம் ஏற்கமாட்டோம் அல்லவா?

இன்று பெரும்பாலான தோடர் சிமெண்டு வீடுகளில் வாழ்கின்றனர். பாதிப் பீப்பாய் வடிவில், மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு கட்டிய பழைய வீடுகள் சிலவே எஞ்சியுள்ளன. குனிந்து தவழ்ந்து செல்லும் அளவுக்கு அவற்றின் வாயில் சிறியது. "உண்மையான தோடரைக் காணோமே" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்லலாம், கைப்பேசி வைத்திருக்கலாம். அவர்கள் மட்டும் நமக்குக் காட்சி தருவதற்காகப் பழைய கோலத்திலேயே இருத்தல் வேண்டுமோ? அதேபோல், இளையவர் குனிய மூத்தவர் தம் பாதத்தால் அவர் தலையைத் தொடுவது தோடரின் ஆசி முறை. அறியாதவர் அதைக் கண்டு நகைப்பர். மூத்தோர் காலில் விழுந்து ஆசி பெறும் நமக்கு அதன் பொருள் விளங்காமலா போகும்?

அங்குப் பெண்கள் பூவேலை செய்த துணிகளை விற்பதுண்டு. வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், வரைபடம் ஏதுமின்றி, துணியின் இழைகளை எண்ணி எண்ணியே அவர்கள் கோலமிடுகின்றனர். 'பூத்துக்குளி' என்னும் அவர்களது போர்வை இவ்வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. 2013இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒரு போர்வையை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். விசைத்தறியின் நாடான கொங்கில் வாழும் நமக்கு நெசவின் உழைப்பும் கூலியின் அருமையும் தெரியும். ஆகவே, சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல் அங்குப் பேசற்க. வாங்க இயலாவிடில் பாராட்டிவிட்டு வரலாம். வாங்கினால் உழைப்புக்குரிய விலையைக் கொடுத்து வாங்குக.

பெற்றோர்க்கு ஒரு சொல்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆசிரியர் "எங்கே போனாய்? என்ன பார்த்தாய்?" என்று பிள்ளையைக் கேட்பார். படகில் சென்றேன், குதிரையில் ஏறினேன் என்று சொல்லட்டும், அதில் தவறில்லை. அதோடு, "அங்கே என்னைப்போல் ஒரு சிறுவன் இருக்கிறான். அவன் வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள். அவர்கள் கோயிலில் எருமைப் பால் கடைகிறார்கள். அவன் பெயர் எனக்குத் தெரியும்" என்றும் அப்பிள்ளை சொல்லுமானால், அந்தப் பயணத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு காசும் தகும்.

பிறரது வீட்டில் அடக்கத்தோடு நடக்கக் கற்ற பிள்ளை, நாளை துபாயிலோ அட்லஸ் மலைச் சாரலிலோ வேலைக்கோ சுற்றுலாவுக்கோ சென்றாலும் நற்பெயர் எடுக்கும். அப்பாடத்தை நம் பக்கத்து மலையிலேயே கற்பிக்கலாம். எனவே, பயணப் பட்டியலை எழுத அமரும் குடும்பங்கள் அதன் தலைப்பிலேயே ஒரு வரியை எழுதிக்கொள்ளட்டும்: "நாம் விருந்தினர்." மற்ற திட்டங்களெல்லாம் அதன்பின் தாமே ஒழுங்குபெறும். குளிர்ந்த மலையும் அதன் மக்களும் உங்களுக்கு இன்முகம் காட்டி, நீங்கள் நலமாய்த் திரும்பி வர ஆண்டவர் அருள்வாராக!